நட்டின் மேல் ஒரு பொட்டு

"என் தம்பியக் கொன்னது இந்த மெஷினா, நீங்களா? இன்னிக்கு எனக்கு அது தெரியணும், அண்ணாச்சி."

பரீத் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தான். கப்பைக்கிழங்குத் தோட்டத்தில் மண் கொத்துகிற டில்லர், கொல்லைச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தம்பி ஆஸிம் செத்து நாற்பது நாள். அதன் கத்திகளில் அன்றைய மண் அப்படியே காய்ந்து கிடந்தது.

சுடலைமணி அசரவில்லை.

"மட்டாஞ்சேரில நாப்பது வருசமா மோட்டாரும் டில்லரும் பாக்கேன். என் கையில தப்பு வராது. எவனாச்சும் நோண்டியிருப்பான்."

"எல்லா மெக்கானிக்கும் சொல்றது."

"நான் முறுக்குன நட்டு மேல செவப்பா ஒரு பொட்டு வைப்பேன், பாய். பொட்டு ஒடஞ்சிருந்தா வேற எவனோ கைய வச்சிருக்கான். முழுசா இருந்தா அது என் வேல."

"தெரியும். என் வீட்டு பம்புலயும் வச்சிருக்கீங்களே. இந்த மெஷின்லயும் பொட்டப் பாக்கணும்னு காலைல ஷரீஃபாகிட்ட சொல்லிட்டுத்தான் உங்களக் கூட்டிட்டு வந்தேன். பொட்டு முழுசா இருந்துச்சுன்னா, இந்த பஜார்ல நீங்க இனி ஒரு ஸ்க்ரூவத் தொடக் கூடாது. மனசிலாச்சா?"

எழுதப் படிக்கத் தெரியாத சுடலைமணிக்கு அந்தப் பொட்டுதான் கையெழுத்து. எவனையும் நம்பாத மனுஷருக்கு அதுதான் சாட்சியும்.

கொல்லை வாசலின் பச்சைத் திரை லேசாக ஆடியது. காற்றே இல்லை.

"இக்கா, அண்ணாச்சிய ஒண்ணும் சொல்லாதீங்க." திரைக்குப் பின்னாலிருந்து ஷரீஃபாவின் குரல் வந்தது. ஆஸிமின் மனைவி. புருஷன் செத்த இத்தாவில் இருக்கிறவள், நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் முன் வரமாட்டாள். "அல்லாஹ் எழுதினது. விட்ருங்க."

"நீ சும்மா இரு," என்றான் பரீத்.

சுடலைமணி கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஓரமாக விலகி நின்று கயிற்றை இழுத்தார். நாற்பது நாள் தூங்கிய என்ஜின் ஒரே இழுப்பில் எழுந்துவிட்டது. அவருக்கே அது பிடிக்கவில்லை.

கைப்பிடியை யாரும் அழுத்தவில்லை. ஆனாலும் கத்திகள் சுற்றின. டில்லர் பின்பக்கமாக, மெல்ல, யாரோ சுவரோரம் நின்று வா வா என்று கூப்பிடுவது போல நகர்ந்தது. அன்றைக்கு ஆஸிமைச் சுவரோடு வைத்து நெருக்கிவிட்டு, பெட்ரோல் தீரும் வரை தோண்டிய பள்ளம் அங்கேதான் இருந்தது. அந்தப் பள்ளத்துக்கே போனது.

"நிறுத்துங்க அண்ணாச்சி!" பரீத் இரண்டடி பின்னால் தாவியிருந்தான்.

சுடலைமணி என்ஜினை அணைத்தார். பிளக் வயரைப் பிடுங்கி ஒதுக்கினார். அதைச் செய்யாமல் பெல்ட்டில் விரல் வைக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. மூடியைக் கழற்றி, ரிவர்ஸ் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினார்.

அமுங்கவில்லை.

"அரை அங்குலம் அமுங்கணும் பாய். அப்பத்தான் பிடிய விட்டதும் பெல்ட் தளர்ந்து மெஷின் நிக்கும். இதுல பெல்ட்ட இறுக்குற சக்கரத்த கடைசி வரைக்கும் தள்ளி நட்ட முறுக்கியிருக்கு. இப்படி முறுக்குனா ஸ்டார்ட் ஆன நிமிசமே பின்னால பாயும்."

"அவன் எப்பவும் சுவருல முதுகச் சாய்ச்சு நின்னுதான் ஸ்டார்ட் பண்ணுவான்." பரீத் சுவரைக் காட்டினான். "சொன்னா கேக்கமாட்டான். சரி, பொட்டப் பாருங்க."

சுடலைமணி குனிந்தார். ஆஸிம் செத்ததற்கு முந்தின நாள் இதே இடத்தில் இப்படித்தான் குனிந்திருந்தார். அரை அங்குலம் சரியாக வைத்து முறுக்கினார். பொட்டு வைக்கிற சிவப்புப் பெயிண்ட் குப்பியைக் கடையில் மறந்துவிட்டு வந்திருந்தார். "பாப்பாவோட நெயில் பாலிஷ் இருக்கு, ஆகுமா அண்ணாச்சி?" என்று ஷரீஃபாதான் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றியிருந்தது. என்னம்மா என்றதற்கு, சாயா கொட்டிடுச்சு என்றாள். யார் சொன்னாலும் நம்பாதவர், அதையும் நம்பவில்லை. ஆனால் மேலே கேட்கவும் இல்லை. அடுத்த வீட்டு விஷயம் நமக்கெதுக்கு என்று கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நட்டின் மேல் பொட்டு இருந்தது. முழுசாக, வட்டமாக, ஒரு கீறல் இல்லாமல்.

"என்ன, பொட்டு இருக்கா?"

சுடலைமணி கட்டைவிரலால் பொட்டைத் தொட்டார். விரல் அங்கேயே நின்றது.

"அண்ணாச்சி, சாயா."

திரை விலகாமலே ஒரு கை மட்டும் கிளாஸோடு வெளியே நீண்டது. மணிக்கட்டில் பழைய சூட்டு வடு. ஒன்றல்ல, வளையல் அடுக்கின மாதிரி வரிசையாக, முழங்கை வரைக்கும்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பரீத்தைப் பார்த்தார்.

"என் பொட்டுதான், பாய்."

"என்னது?"

"முழுசா இருக்கு. வேற யாரும் தொடல. வயசாயிட்டு, கை தப்பிப்போச்சு. நான் முறுக்குனதுதான்."

நாற்பது வருசத்தில் சுடலைமணி தன் தப்பு என்று ஒன்றைச் சொல்லி மட்டாஞ்சேரியில் யாரும் கேட்டதில்லை. பரீத் அவரை அடிக்கக் கை ஓங்கி, ஓங்கிய கையாலேயே தன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"போங்க. என் கண்ணு முன்னால நிக்காதீங்க. நாளைக்கு உங்க கடை திறக்கக் கூடாது."

"திறக்கமாட்டேன்."

சாயா கிளாஸை சுடலைமணி இடது கையால் வாங்கிக்கொண்டார். வலது கையை இறுக மூடியிருந்தார். நாற்பத்தொரு நாளுக்கு முன் அவர் வைத்த பொட்டு, கட்டைவிரலில் இன்னும் காயாமல் பிசுபிசுவென ஒட்டிக்கொண்டிருந்தது.

மருதாணிகூட இடக்கூடாத இத்தாக்காரியின் ஆள்காட்டி விரல் நுனியிலும் அதே சிவப்பு.