மஞ்சள் நாற்காலி

"'தென்றல் தாலாட்டும் படுக்கையறை'யாம்! இந்த ஆளு வீடு விக்கிறாரா, கவிதை விக்கிறாரா?"

வீடு விற்கும் இணையதளத்தில் வந்த விளம்பரத்தைப் படித்துவிட்டு மனைவி சிரித்தாள். அந்த நிமிடமே ஏஜென்ட்டுக்குச் 'சர்க்கரைவாய்' என்று பெயரும் வைத்துவிட்டாள். அவள் வைக்கிற பெயர் அப்படியே ஒட்டிக்கொள்ளும். கணவனுக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

அவளுக்கு ஏழு மாதம். குழந்தையைச் சொந்த வீட்டுக்குத்தான் தூக்கி வர வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. கல்யாணமான நாளிலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது மொத்தமும் இதில் போகப்போகிறது. ஏமாந்தால் இன்னொரு வீடு கனவில்தான்.

போய்ப் பார்த்தார்கள். சர்க்கரைவாய் வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பது வயது, கசங்காத சட்டை, காதுவரைக்கும் சிரிப்பு. உள்ளே, காலிப் படுக்கையறையின் மூலையில், தன்னந்தனியாக ஒரு மஞ்சள் நாற்காலி.

"வெறும் வீடு போட்டோவில அழுதுவடியும் சார். அதான் இதை வண்டியிலயே வெச்சிருக்கேன். நான் போற வீட்டுக்கெல்லாம் இதுவும் வரும்" என்றார். "மேடம், நீங்க நிக்காதீங்க. உட்காருங்க. நல்லா சாஞ்சு உட்காருங்க. ஒரு போன்... இதோ வந்துடறேன்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். கண் தானாக மேலே போனது. பரணுக்குப் பின்னால், நின்று பார்த்தால் தெரியாத இடத்தில், கூரை ஊறிப்போய்க் கறுத்துக் கிடந்தது.

"ஏங்க, இங்க வாங்க! மழை வந்தா குழந்தையைத் தனியாக் குளிப்பாட்ட வேண்டாம்!"

அடுத்த வீடு. 'அமைதி குடியிருக்கும் கூடம்' என்றது விளம்பரம். மஞ்சள் நாற்காலி பின்சுவரை ஒட்டிக் கிடந்தது.

"உட்காருங்க மேடம். ஒரு போன்..."

உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தாள். பல்லெல்லாம் கிடுகிடுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அச்சகம்.

"அமைதிதான். அது பக்கத்து வீட்டு மெஷின் மேல குடியிருக்கு" என்றாள்.

கணவன் வாசலைப் பார்த்தான். "போன் அடிக்கவே இல்லையே, எங்க ஓடறார் இவர்?"

"நாம கேள்வி கேட்டா மாட்டிக்குவாரே, அதான்!"

மூன்றாவது வீட்டில் 'தலைமுறை தாங்கும் தேக்குக் கதவு'. நாற்காலி கதவை ஒட்டி. உட்கார்ந்தவளின் கண்ணுக்கு நேரே, நிலையின் இடுக்கில், கரையான் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தது. தலைமுறையைக் கரையான்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. நேராக ஆபீசுக்கே போன் போட்டாள்.

"சார், உங்க ஏஜென்ட் எல்லாத்தையும் மறைக்கிறார். மூணு வீட்டிலயும் குறையை நாங்களாத்தான் கண்டுபிடிச்சோம். மனுஷன் வாயே திறக்கல!"

"அப்படியா மேடம்? வாயே திறக்கலையா?" மேனேஜருக்கு வாயெல்லாம் பல் என்பது போனிலேயே தெரிந்தது. "ரொம்ப சந்தோஷம்! நாங்க வீட்டை விக்கிறவங்களுக்கு வேலை செய்யறவங்க மேடம். விளம்பரம் நான் சொல்றபடிதான் எழுதணும். வீட்டைப் பத்தி யாராவது குறையா ஒரு வார்த்தை சொன்னா, அன்னிக்கே சீட்டு கிழிஞ்சிடும். இந்த மாசம் சிறந்த ஏஜென்ட் அவர்தான்!"

புகார் சொல்லப்போய்ப் பரிசு வாங்கிக்கொடுத்துவிட்டாள். கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்குப் பாத்திரம் முழுக்க அவன்தான் தேய்த்தான்.

"கடைசியா இந்த ஒண்ணைப் பார்த்துடுவோம்" என்றாள் மறுவாரம். "'நிம்மதியின் முகவரி'யாம். இதுவும் புளுகா இருந்தா அந்த ஆளோட நம்பரையே அழிச்சிடுங்க."

சின்ன வீடு. சர்க்கரைவாய் அதே சிரிப்போடு கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். போன் பையிலேயே இருந்தது.

அவள் சுவர் சுவராகத் தட்டினாள். கணவன் குழாய்களைத் திறந்து மூடினான், தரையில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தான், நிலைகளை நகத்தால் சுரண்டினான். ஒன்றும் சிக்கவில்லை. சமையலறையில் வெயில் வந்து விழுந்தது. ஜன்னலைத் திறந்தால், சத்தியமாக, காற்று வந்தது.

"தென்றல்!" என்றான் கணவன்.

"சும்மா இருங்க." அவள் மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஆசை நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. அதனாலேயே பயமும் வந்தது. எங்கேயோ ஏதோ ஒளிந்திருக்கிறது.

சர்க்கரைவாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க சார் உங்க மஞ்சள் நாற்காலி?"

"வண்டியில இருக்கு மேடம்."

"மத்த வீட்டிலெல்லாம் உட்காருங்க உட்காருங்கன்னு உயிரை எடுத்தீங்க. இங்க மட்டும் என்ன? அதுல உட்கார்ந்ததாலதானே எங்களுக்கு அந்தக் கூரையும், சுவரும், கதவும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். வாய் திறந்தபடியே இருந்தது. கணவன் ஜன்னலை விட்டு மெதுவாகத் திரும்பினான்.

சர்க்கரைவாய் ஒரு தடவை வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வீடு முழுக்கத் தேடிட்டேன்மா. அதைப் போட ஒரு இடம்கூடக் கிடைக்கல."