புள்ளி இல்லாத படம்

"இந்தப் படத்துல நீ எங்கய்யா இருக்கே? காட்டு பாப்போம்!"

முதலாளி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வாட்ச்மேன் மூஞ்சிக்கு நேரா வச்சார். முந்தின ராத்திரி ரெண்டு மணிக்கு மேல எடுத்த லாரி ஷெட் படம். கேட், டியூப் லைட், வரிசையா ஏழு லாரி, கேட்டுக்குப் பக்கத்துல நாற்காலி, அதுல முதலாளியோட மச்சினன். வாட்ச்மேனைத்தான் காணோம்.

"நான் சுத்தி வந்துட்டுதான் இருந்தேன் முதலாளி. சத்தியமா."

"சத்தியத்தை ஸ்டேஷன்ல போய்ப் பண்ணு. நாலு புது டயர் போயிருக்கு! என் மச்சினனைப் பாரு, சட்டை பட்டனை எண்ணலாம். அவன் இருக்கான். நீ ஏன் இல்ல?"

நைட் சூப்பர்வைசர்ங்கிற பேர்ல சம்பளம் வாங்குற மச்சினன் தொண்டையைச் செருமிக்கிட்டார். "எனக்குக் கண்ணு அசரவே இல்ல மாமா. ரெண்டு மணியிலேர்ந்து ரெண்டரைக்குள்ள மூணு தடவை எந்திரிச்சுப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இந்த ஆளைக் காணவே காணோம்."

படத்தை எடுத்த புண்ணியவதி பக்கத்து மேஜையில உக்காந்திருந்தா. புக்கிங் கிளார்க். கேமரா வாங்கி மூணு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள ராத்திரிப் படம் எடுக்கிற கிறுக்கு. எதிர் மாடியிலதான் குடியிருக்கா. ஆபீஸ் சுவத்துல மாட்டலாமேன்னு விடிஞ்சதும் விடியாததுமா முதலாளிக்கு அனுப்பி வச்சதும் அவதான்.

டயர் போன விஷயம் அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. கேட் கேமரா ஒரு மாசமா கெட்டுக் கிடக்கு. ஆக, இருக்கிற ஒரே சாட்சி இவ எடுத்த படம்.

அவளுக்கு வேலை முடிய லேட்டாகிற அன்னிக்கெல்லாம், தெருவைத் தாண்டுற வரைக்கும் டார்ச் அடிச்சு அனுப்பி வைக்கிற மனுஷன் அந்த வாட்ச்மேன். இப்போ அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில கொஞ்சம் கோபம் இருந்திருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு அவளுக்கு.

எந்திரிச்சுட்டா. "சார், அது ஒரே படம் இல்ல. இருபத்து நாலு படம்."

"உன் கேமரா பாடத்தை அப்புறம் நடத்தும்மா."

"ரெண்டே நிமிஷம் சார். இருட்டுல எடுத்தா மணலை வாரி இறைச்ச மாதிரி படம் முழுக்கப் புள்ளி விழும். அது போகணும்னா கேமராவை ஸ்டாண்டுல வச்சு, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கணும். லைட் கண்ணைக் கூசாம வர்றதுக்கு எட்டு, இருட்டு மூலை தெரியறதுக்கு எட்டு, ரெண்டுக்கும் நடுவுல எட்டு. அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்க்கணும். புள்ளி ஒவ்வொரு படத்துலயும் வேற வேற இடத்துல விழும், அதனால கம்ப்யூட்டர் அதைக் கழிச்சுடும். இடம் மாறாம இருக்கிறது மட்டும்தான் தங்கும். நான் ரெண்டு அஞ்சுக்கு ஆரம்பிச்சு ரெண்டு இருபத்தஞ்சுக்கு முடிச்சேன்."

"அதுக்கு?"

"வாட்ச்மேன் அண்ணன் நடந்துட்டே இருந்தா, அவரையும் சேர்த்துக் கழிச்சிருக்கும் சார்."

மச்சினன் வாய்விட்டுச் சிரிச்சார். "கேட்டீங்களா மாமா, ஆளையே புள்ளின்னு கழிச்சுடுமாம்! எங்கே, அந்த இருபத்து நாலையும் தனித்தனியா காட்டச் சொல்லுங்க. இவன் எதுலயாவது இருக்கானான்னு பாத்துடுவோம்."

அவ முகம் செத்துப்போச்சு. "அழிச்சுட்டேன் சார். கார்டுல இடம் இல்ல. சேர்த்த படம் நல்லா வந்ததும், மத்தது எதுக்குன்னு..."

புதுசா கத்துக்கிறவங்க பண்ற தப்புதான். மத்த நாளா இருந்தா தலையில குட்டிக்கிட்டுப் போயிடலாம். இன்னிக்கு ஒரு மனுஷனோட மானமும் சேர்ந்து அழிஞ்சுபோய் நின்னுச்சு.

"அவ்வளவுதானே?" முதலாளி போனைக் கையில எடுத்தார். "நீ உக்காரும்மா. பில்லைப் போடு. இதுக்கு மேல பேசினா உனக்கும் இங்க வேலை இருக்காது."

"பதினோரு வருஷம் முதலாளி," வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு நட்டு போல்ட்டு போனதில்ல. போலீஸ்ல என்னை நிறுத்தினா, நான் வீட்டுக்கு எந்த முகத்தோட போவேன்?"

முதலாளி ஸ்டேஷன் நம்பரைத் தேடிட்டு இருந்தார். அவளுக்கு உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல, அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

மச்சினனுக்கு மட்டும் ஆத்தாமை தீரல. ஒரு சின்னப் பொண்ணு தன்னை எதிர்த்துப் பேசிட்டாளாம். எந்திரிச்சு வந்து திரையை விரலால தட்டினார்.

"சரி தாயே, நீ சொல்றதே நிஜம்னு வச்சுக்குவோம். நடமாடுற ஆளை எல்லாம் உன் கம்ப்யூட்டர் கழிச்சுடும். நானும்தான் மூணு தடவை எந்திரிச்சுப் போயிட்டு வந்தேன். நான் மட்டும் எப்படிம்மா மீசை முடி தெரியற அளவுக்குச் சுத்தமா விழுந்திருக்கேன்?"

நம்பர் தேடிட்டிருந்த முதலாளியோட கை நின்னுச்சு.

அவ திரையைப் பார்த்தா. காலையிலேர்ந்து அந்தப் படத்துல இல்லாதவரையே தேடிட்டு இருந்தவ, இப்பதான் இருக்கிறவரைப் பார்த்தா. சாய்ஞ்ச தலை, மடியில கிடக்கிற கை, பட்டன், மீசை, எதுலயும் ஒரு துளி கலங்கல் இல்ல.

கண்ணைத் துடைச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னா.

"அந்த இருபது நிமிஷமும் நீங்க அசையவே இல்ல சார்."