நுங்குக்கு ஒரு மரம்

1953 கோடையில், தன் குட்டி விமானம் இறங்க இடம் வேண்டுமென்று பட்டணத்து முதலாளி உப்பிலி, ஏகாம்பரத்தின் நெம்மேலிப் பனந்தோப்பை அடாவடியாகப் பிடுங்கி, மரங்களை வெட்டிச் சாய்த்தார்.

ஓடுபாதை ஓரத்துக் கடைசி மரத்தில் கோடரி விழுமுன் ஏகாம்பரம் நுங்கோடு ஓடிவந்தான்.

"இத்த சாப்ட்டுப் பாருங்க முதலாளி. இந்த மரத்து நுங்கு."

சாப்பிட்ட உப்பிலி சொக்கிப்போனார். "இது மட்டும் நிக்கட்டும்டா. தினமும் கொண்டா!"

ஏகாம்பரம் ஒருநாள்கூடத் தவறவில்லை.

ஒரு மாலை எதிர்வெயில் கண்ணைக் கூச, இறங்க வந்த விமானம் அதே பனையில் மோதி நொறுங்கியது. இரண்டு காலும் முறிந்து கிடந்தார் உப்பிலி.

"உன் நுங்குக்கு ஆசைப்பட்டுத்தானேடா இந்த மரத்தை விட்டுவெச்சேன்!"

ஏகாம்பரம் அவர் காதருகே குனிந்தான்.

"நுங்கெல்லாம் சந்தையில வாங்கியாந்தது முதலாளி. இது ஆண் பனை. இன்னிக்கி வரைக்கும் ஒரு காய் காச்சதில்ல."