ரயிலடி சீனை வெட்டியவன்

“எவன்டா அவன் கிளைட் பெண்டர்? கையில கிடைச்சா கழுத்தை நெரிச்சிடுவேன்!”

பின்வாசல் வழியாகப் புயல்போல நுழைந்த வாலஸ், கையிலிருந்த ஸ்கிரிப்டைச் சமையலறை மேசையில் தொப்பென்று போட்டான். டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சிட்னி ராஸ்கின் தலையை மட்டும் நிமிர்த்தினான்.

“மெதுவா பேசு. பக்கத்து வீட்டுக்காரி வேலிகிட்டயே நிக்கிறா.”

“நிக்கட்டும்! உன் படத்தை எவன்கிட்டயோ கொடுத்துத் திருத்தி எழுத வெச்சிருக்காங்கடா. இன்னைக்குத்தான் ஸ்டூடியோவுல என் கையில கொடுத்தாங்க. படிச்சதும் எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு.”

‘உன் படம்’ என்று இந்தச் சமையலறையில் மட்டும்தான் சொல்ல முடியும். ஊருக்கு அது வாலஸ் ஹிக்கியின் படம். வாலஸ் நீச்சல்குளம் கட்டிக்கொடுக்கிற ஆள். ஒரு கடிதம் எழுதுவதற்குள் வியர்த்துவிடும். கம்யூனிஸ்டுகளைத் தேடிய வாஷிங்டன் விசாரணைக் குழுவின் முன்னால் நண்பர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து, சிட்னியின் பெயரைக் கேட்டாலே ஹாலிவுட்டில் கதவைச் சாத்தினார்கள். அதனால் சிட்னி எழுதுவான். வாலஸ் தன் பெயரைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பான். விஷயம் வெளியே கசிந்தால் சிட்னி வீட்டில் அடுப்பு எரியாது.

“என்னத்தை மாத்தினான்னு கேக்க மாட்டியா?”

“சொல்லு.”

“ரயிலடி சீனையே வெட்டிட்டான்டா, பாவி!”

அடுப்பருகே நின்ற எஸ்தர், சிட்னியின் மனைவி, திரும்பிப் பார்க்கவில்லை.

போருக்குப் போகும் மகனை வழியனுப்ப ஒரு தாய் ரொட்டியோடு ஓடி வருவாள். எந்தப் பெட்டியில் இருக்கிறான் என்று தெரியாது. ஜன்னல் ஜன்னலாகத் தேடுவாள். ரயில் நகர்ந்துவிடும். கடைசியில் யாரோ ஒரு பையன் கையில் ரொட்டியைத் திணிப்பாள். அது சிட்னியின் சொந்த அம்மா. போன அண்ணன் திரும்பவே இல்லை. அந்தப் பக்கங்களைப் படித்த அன்று வாலஸ் இதே மேசையில் தலை கவிழ்ந்து தேம்பியிருக்கிறான்.

“இப்ப அம்மாவுக்குப் பதிலா யாரு தெரியுமா? ஒரு காதலி! உதட்டுச்சாயம் கலையாம வர்றா, முத்தம் கொடுக்கிறா, கையாட்டிட்டுப் போறா. த்தூ!”

“ஸ்டூடியோவுல கேட்டிருப்பாங்க. அவன் என்ன பண்ணுவான், பாவம்.”

வாலஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “பாவமா? உன் அம்மாவைத் தண்டவாளத்துல தள்ளிவிட்டவன் உனக்குப் பாவமா?”

சிட்னி டைப்ரைட்டரிலிருந்த தாளை உருவி மடித்தான்.

“சரி, அதை விடு. இப்பவே எழுத்தாளர் சங்கத்துக்கு ஒரு புகார் எழுதிக்கொடு. என் பேர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். ரெண்டு ஸ்கிரிப்டையும் நடுவருங்க படிக்கட்டும். உன் பேரைத்தான் டைட்டில்ல போட முடியல. அந்தக் கொலைகாரன் பேராவது உன் கதைமேல வராம இருக்கட்டும். ஸ்டூடியோவுலயே சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன், விடமாட்டேன்னு.”

“சொல்லிட்டியா?” சிட்னி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“கத்திச் சொன்னேன். எழுது!”

“எழுத மாட்டேன் வாலஸ். விட்டுடு.”

வாலஸ் அப்படியே நின்றான். அவனுக்கு ஆத்திரத்தைவிட அதிர்ச்சிதான் அதிகமாக இருந்தது. “சங்கம் ஆரம்பிச்சப்ப, சேர்றவனுக்கெல்லாம் வேலை போகும்னு ஸ்டூடியோக்காரன் மிரட்டினப்ப, கூட்டத்துல முதல் ஆளா எழுந்து நின்னவன்தானே நீ? எழுதினவன் பேரு எழுதினவனுக்கேன்னு தொண்டை கிழியக் கத்தினவன் எங்கடா போனான்? பயந்தாங்கொள்ளி ஆயிட்டியா? எஸ்தர், நீயாவது சொல்லும்மா!”

எஸ்தர் அப்போதுதான் திரும்பினாள். கண்கள் சிவந்திருந்தன. “வாலஸ், உனக்குப் புண்ணியமாப் போகும். இந்தப் பேச்சை இத்தோட விட்டுட்டு வீட்டுக்குப் போ.”

“போகமாட்டேன். என்னமோ மறைக்கிறீங்க ரெண்டு பேரும்.”

பின்கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

மூன்று பேரும் உறைந்துபோனார்கள். வாலஸ் இந்த வீட்டுக்கு வருவது ஈ காக்கைக்குக்கூடத் தெரியக்கூடாது. ஸ்கிரிப்டை அள்ளிக்கொண்டு, மளிகைச் சாமான் வைக்கும் சின்ன அறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். மாவு டப்பாக்களுக்கும் பீச் பழ டின்களுக்கும் நடுவே மூச்சை அடக்கி நின்றான்.

பின்கதவு திறந்தது. வந்தவனுக்கு மூச்சிரைத்தது.

“நான்தான், கிளைட். மோசம் போனோம் சிட்னி!”

வாலஸின் கை தானாகவே முஷ்டியானது. இங்கேயே வந்துவிட்டானா, படுபாவி?

“நீ திருத்தி எழுத, நான் என் பேர்ல கொண்டுபோய்க் கொடுத்தேனே, ரயில் படம், அதுக்கு எவனோ ஹிக்கியாம், சங்கத்துல புகார் கொடுக்கப்போறானாம். எனக்குப் பதில் எழுத வருமா? நீதாம்பா எழுதிக்கொடுக்கணும்.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வந்தவன் குரல் தணிந்தது.

“அம்மா சீனை வெட்டினதுதான் அவனுக்குக் கோபமாம். அன்னைக்கே எனக்கு உறைச்சிருக்கணும். எவனோ எழுதின அம்மாவை வெட்டுறதுக்கு நீ எதுக்கு அப்படி அழுதேன்னு.”