வாடகை டயர்

மஞ்சள் பள்ளி வேனுக்குத் தன் மாடலைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. வருஷா வருஷம் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. சோதனைக்குப் போகும். ஒரு தடவைகூட ஃபெயிலாகித் திரும்பியதில்லை.

இந்த வருஷமும் டிரைவர் தங்கமாரி அதன் வழுக்கை டயர்களைக் கழற்றி ஷெட்டில் சாய்த்துவிட்டு, ஒரு நாள் வாடகைக்கு எடுத்துவந்த புது டயர்களை மாட்டினார். ஆய்வாளர் குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

"பார்த்தியா? எங்க மாடல் ஃபெயிலானதா சரித்திரமே கிடையாது" என்றது வேன், திரும்பி வரும்போது.

"திங்கக்கிழமை ஒரு ஆம்புலன்ஸ், நேத்து ரெண்டு கம்பெனி வேன், இன்னைக்கு நீ" என்றது வாடகை டயர். "இந்த வாரம் நான் போன வண்டி எல்லாமே பாஸ்தான்."

பொறாமையில் பேசுகிறது என்று வேன் நினைத்துக்கொண்டது.

ஷெட்டில் பழைய டயர்களை மறுபடி மாட்டினார்கள். முன்பக்கத்து டயர் தயங்கித் தயங்கிக் கேட்டது: "என்னைப் பத்தி ஏதாவது விசாரிச்சாங்களா?"

வாடகை டயர் சொன்ன கணக்கு அப்போதுதான் வேனுக்கு நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் நல்ல மழை. முதல் நிறுத்தத்தில் ஒரு பெண் குடையோடு நின்றிருந்தாள். வேனின் பக்கவாட்டில் புதிதாக எழுதியிருந்த எஃப்.சி. தேதியைப் படித்தாள்.

"எஃப்.சி. வாங்கியாச்சா அண்ணே? இப்பத்தான் நிம்மதி" என்று மகளைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தாள்.

அவள் கொஞ்சம் குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட மாட்டாளா என்றிருந்தது வேனுக்கு.