புது மாப்பிள்ளையின் வறுவல்

பெரிய மாப்பிள்ளை தன் வாணலிக்கு மூடி போட்டார்.

பக்கத்து அடுப்பில் நின்ற புது மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை. சந்தோஷம்தான்.

உருளைக்கிழங்கை வறுக்கும்போது மூடி போட்டால் ஆவியில் வெந்து குழைந்துபோகும் என்பது அவனுக்குத் தெரியும். அரை மணி நேரத்துக்கு முன்னால் அந்தப் பெரிய மாப்பிள்ளையே சொல்லிக்கொடுத்துத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மாமனார் வீட்டுச் சமையலறை. இடது அடுப்பில் சகலை, வலது அடுப்பில் அவன். யாருடைய வறுவல் உசத்தி என்று ஹாலில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் தீர்ப்புச் சொல்லும். மேல்முறையீடு கிடையாது.

போட்டி வைக்கலாம் என்று ஆரம்பித்தது சகலைதான்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் புது மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. அதுதான் குறை. அவன் உள்ளே நுழைந்தால் மாமனார் எழுந்து நிற்பார். மாமியார் பரணிலிருந்து புதுத் தட்டை இறக்குவார். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி தானாகக் காலியாகும். சோதனைக்கு வந்த அதிகாரியை உட்காரவைப்பதுபோல உட்காரவைத்து, எல்லோரும் கொஞ்சம் தள்ளி நின்று சிரிப்பார்கள்.

ஒருவர்கூட அவனைக் கிண்டல் செய்ததில்லை.

சகலைக்கு அந்தத் துயரம் கிடையாது. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வந்ததும் வராததுமாகச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு நேராகச் சமையலறைக்குள் போய்விடுவார். அவர் கை பட்டால் உருளைக்கிழங்குக்கே ஒரு களை வந்துவிடுகிறது என்று மாமியார் தெருவுக்குக் கேட்கும்படி சொல்வார். குடும்பத்துக்குள் நுழைகிற வாசல் அந்த அடுப்புதான் என்று புது மாப்பிள்ளை கண்டுபிடித்திருந்தான். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். எந்தத் தெருவில் நுழையலாம், எதில் நுழையக்கூடாது என்று ஊருக்கே சொல்கிறவன்.

ஆனாலும் சகலை பெரிய மனசுக்காரர். தொழில் ரகசியம் ஒன்றைக்கூட ஒளிக்கவில்லை. நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் அலசச் சொன்னார். துணியில் ஒற்றி ஈரம் போக்கச் சொன்னார். எண்ணெய் நன்றாகக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். உப்பைக் கடைசியில் தூவச் சொன்னார்.

"சும்மா சும்மா கிளறாதீங்க சகலை. இது என்ன உங்ககிட்ட புதுசா வண்டி கத்துக்கிறவன் கையில இருக்கிற ஸ்டீயரிங்கா?"

அந்த வீட்டில் அவனுக்குக் கிடைத்த முதல் கிண்டல். அதை அவன் பத்திரமாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டான்.

இவ்வளவும் சொன்னவர் தன் கிழங்கை அலசவில்லை. துடைக்கவில்லை. எண்ணெய் காய்வதற்குள் கொட்டினார். உப்பை அப்போதே போட்டார். கரண்டியால் உழவு ஓட்டினார். இப்போது மூடியும் போட்டுவிட்டார்.

பாவம், பதற்றம், என்று நினைத்துக்கொண்டான்.

சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தான். சொல் என்றது மனசாட்சி. ஹாலில் மாமியார் புதுத் தட்டைத் துடைக்கும் சத்தம் கேட்டது. மனசாட்சியைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னான்.

அவன் வாணலியில் துண்டுகள் ஓரம் சிவந்து, ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று பேச ஆரம்பித்தன. பூண்டைத் தட்டிப் போட்டான். மிளகுத்தூள் தூவினான். வாசனை அவனுக்கு முன்பாகவே ஹாலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

முதலில் ருசி பார்த்தது கல்லூரியில் படிக்கும் மைத்துனி. இடது வாணலியிலிருந்து ஒரு கரண்டி எடுத்தாள். அது கரண்டியை விட்டு இறங்க மறுத்தது.

"மாமா, இதை வச்சு போஸ்டர் ஒட்டலாம்."

வலது வாணலியிலிருந்து ஒரு துண்டைக் கடித்தாள். அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டது. அடுத்த துண்டை எடுத்தாள். மாமனார் கை நிறைய அள்ளினார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அவனுடைய மனைவி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பெருமை என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான்.

தோற்ற மனிதரின் முகம் வாடும் என்று எதிர்பார்த்தான். சகலை இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை. பிறகு தன் இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்து அவன் இடுப்பில் கட்டினார். முடிச்சு கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

"தம்பி, சாயங்காலம் உன் பெரிய மாமனார் வீட்லேர்ந்து எல்லாரும் வர்றாங்க. அந்தக் கிழங்கு மூட்டையில இருக்கிறதைத் தோல் சீவி வச்சிடு" என்றார் மாமியார்.

தம்பி. சீவி வச்சிடு. அவனுக்கு உச்சி குளிர்ந்தது. அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது ஒருவரும் கூடவே எழவில்லை. இதைவிட ஒரு மரியாதை உண்டா?

சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சீட்டி அடித்துக்கொண்டே நான்கைந்து கிழங்கு சீவியிருப்பான். ஹாலில் மாமனார் குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டது.

"இனிமே ஞாயித்துக்கிழமை மேட்ச் பார்க்கலாம் மாப்ள. வாங்க, காலை நீட்டி உட்காருங்க."

"உட்காருறேன் மாமா. அன்னைக்கு இதே வறுவல் போட்டியில என்கிட்ட நீங்க தோத்தப்போ நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா? இவனும் அப்படியே சந்தோஷப்படறான்."

சீட்டி நின்றது.

மூட்டையைப் பார்த்தான். அது அவன் மார்பு உயரம் இருந்தது.

வாணலியில் ஒட்டிய பொருக்கைச் சுரண்டித் தின்ன மைத்துனி உள்ளே வந்தாள். அவளுக்கு நல்ல மொறுமொறுப்பான பகுதியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தான்.

"காலேஜ்ல நல்ல பசங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று கூடப்பிறந்த அண்ணனைப்போல அக்கறையாகக் கேட்டான். "கொஞ்சம் சமைக்க ஆசைப்படற மாதிரி."