ஏழு அறைகளில் கமலம்மா

“ஒரு ஆளுன்னு போட்டா நின்னுபூடுது சார். ஆறு மாசமா போன்ல சொல்லிக்கினே இருக்கேன். இன்னிக்கித்தான் வந்துகிறீங்க” என்றார் உமாபதி.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த லாட்ஜில் அவர்தான் மேனேஜர். அறை ஒதுக்கும் புரோகிராமை எழுதிக் கொடுத்த கோவர்த்தனன், சென்னையிலிருந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“எங்க சார் தப்பு?”

“நான் எழுதின மூலம், சோர்ஸ் கோடு, இருந்த டிஸ்க் கெட்டுப்போச்சு. மெஷினுக்குப் புரியற மாதிரி கம்பைல் பண்ணின ஃபைல்தான் மிச்சம். போன வருஷம் அதுக்குள்ளயே புகுந்து கட்டளைகளை மாத்தினேன். அப்போ ஒரு இடத்துல, வர்றது எப்பவும் பேர்களோட பட்டியல்தான்னு வச்சுட்டேன். ஒத்தப் பேர் வந்தா அதையும் பட்டியலா எடுக்கப் பாக்குது. முடியாம நின்னுடுது.”

“டெஸ்ட் பண்ணலியா?”

“ரெண்டு பேர், நாலு பேர்னு போட்டுப் பாத்தேன். ஒண்ணு போடத் தோணல.”

உமாபதி சிரித்தார். “நான் என்னா பண்ணேன் தெரியுமா? ஒண்டியா வர்றவங்க அல்லாருக்கும் கூட கமலம்மான்னு ஒரு பேரைச் சேத்து ரூம் குடுத்துக்கினு இருந்தேன். ஒரு நாளு போலீஸ்காரரு ரிஜிஸ்டரைப் பாத்துட்டு, ‘யாருய்யா இந்தக் கமலம்மா, ஏழு ரூம்ல கீது?’ன்னாரு. அத்தோட ஓனரு நிறுத்தச் சொல்லிட்டாரு. இப்போ ஒண்டியா வந்தா ரூம் இல்லன்னு அனுப்பிடறேன். போன வாரம் ராமகுப்பத்துக்காரரு ஒருத்தரு, கொட்டற மழையில திரும்பிப் போனாரு சார்.”

கோவர்த்தனன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தக் கட்டளையைத் தேடிப் பிடித்தார். வந்திருப்பது பட்டியலா, தனிப் பேரா என்று முதலில் பார்க்கும்படி அதற்கு முன்னால் வேறு கட்டளைகளைச் செருகினார். இரண்டு முறை முரண்டு பிடித்த புரோகிராம் மூன்றாம் முறை ஓடியது.

“எதனா ஒரு பேரு போட்டுப் பாருங்க சார்.”

பெயர் என்ற இடத்தில் தன் பெயரையே அடித்தார். ஆட்கள், ஒன்று. விசையைத் தட்டியதும் பதினாலாம் நம்பர் அறை என்று காட்டியது.

“வந்துடுச்சு!” உமாபதி கையைத் தட்டினார். “சரி, சும்மா போட்டதுதானே? அழிச்சிடறேன்.”

“அழிக்காதீங்க, சாவி குடுங்க” என்றார் கோவர்த்தனன். “வருஷா வருஷம் சம்சாரத்தோடதான் மலைக்கு வருவேன். போன மாசம் கோர்ட்டுல முடிஞ்சுபோச்சு.”